பண்பைப் பாடமாக நடத்த முடியுமா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் பதில்கள்

வடசென்னையின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகளுக்குப் பொது ஒழுங்கும் பரஸ்பர மரியாதையும் கற்றுத் தருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

காலைச் சிற்றுண்டி வரிசையில் தினமும் தள்ளுமுள்ளு. எவ்வளவு அறிவுரை சொன்னாலும் பயனில்லை. (ஆசிரியை, திருவொற்றியூர்)

அறிவுரையை நிறுத்திவிடுங்கள். கடைசியில் நிற்பவனுக்குப் பொங்கல் மிஞ்சுமா என்கிற பயத்தில்தான் பிள்ளை தள்ளுகிறது. பரிமாறும் முன் பாத்திரத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்டுங்கள். ஒரு நாள் முன்னாலிருந்து, மறுநாள் பின்னாலிருந்து தொடங்குங்கள். முக்கியமாக, ஆசிரியர்கள் வரிசையைத் தாண்டிப் போய்த் தட்டை நீட்டக் கூடாது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கிய ஊர் இது. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய குடிமைப் பாடம். இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை.

என் மகன் மூன்றாம் வகுப்பு. தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மாவை "குப்பைக்காரி வந்துவிட்டாள்" என்கிறான். எப்படித் திருத்துவது? (ஒரு தாய், வியாசர்பாடி)

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சொல் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருகிறது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அக்கா" என்று நீங்கள் கூப்பிட்டால் அவனும் கூப்பிடுவான்.

எங்கள் பள்ளித் தெருவில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் ஒருவரை ஒருமுறை வகுப்புக்கு அழைத்தேன். நாற்காலியில் உட்காரத் தயங்கினார். என் நாற்காலியைத்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் பேச்சு எதுவும் பேசவில்லை. வலது கையை விரித்துக் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். யாரோ பாலித்தீன் பையில் சோற்றோடு சேர்த்துப் போட்ட உடைந்த கண்ணாடி கிழித்த இடம் அது. முன் பெஞ்சுப் பையன், "வலித்ததா அக்கா?" என்று கேட்டான். "வலித்தது. மறுநாளும் வேலைக்கு வந்தேன்" என்றார். வகுப்பு முழுக்க அமைதி.

மறுநாள் ஒரு சிறுமி, வீட்டில் உடைந்த டம்ளரைச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் "கன்னாடி" என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். வீட்டுக்கு வண்டி வரும்போது அதைத் தனியாகக் கொடுக்கப் போகிறாளாம். எழுத்துப் பிழையை நான் அன்று திருத்தவில்லை. ஈரக் குப்பை பச்சைத் தொட்டியில், உலர் குப்பை நீலத் தொட்டியில் என்று வாரக்கணக்கில் நான் ஒப்பிக்க வைத்தும் ஏறாதது, அந்தத் தழும்பைப் பார்த்ததும் ஏறிவிட்டது.

அடிப்படைக் கடமைகளை மனப்பாடம் செய்ய வைக்கலாமா? (ஆசிரியர், பெரம்பூர்)

வைக்கலாம், கெடுதல் இல்லை. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் சேர்த்தவை பத்து. 2002இல் ஒன்று கூடியது. எங்கள் போட்டியில் பதினொன்றையும் தடுமாறாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பையன், நேராகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் குழாயை மூடாமல் விளையாடப் போய்விட்டான். பொதுச் சொத்தைக் காப்பதும் அவன் ஒப்பித்ததில் ஒன்று.

வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். (ஆசிரியை, சோழிங்கநல்லூர்)

வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அவன் பெயரை நீங்கள் சரியாக உச்சரிக்கிறீர்களா? என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனை எல்லோரும் "இந்தி" என்றே கூப்பிட்டார்கள். அவன் பேசியதோ ஒடியா. எனக்கே அது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. வெட்கப்பட்டேன். அவன் அம்மாவிடம் கேட்டுப் பெயரை அசை பிரித்துச் சொல்லப் பழகினேன். பிறகு பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். கபடிக்கு ஆள் எடுக்கும்போதும் அதே பெயர்தான் ஒலித்தது.

லேசாக ஓர் அடி கொடுத்தால் என்ன? (ஒரு தந்தை, கொளத்தூர்)

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. லேசு, பலம் என்று அதில் பிரிவு கிடையாது.

பள்ளியில் சில பிள்ளைகளை மட்டும் பெருக்கச் சொல்கிறார்கள். நாங்கள் கேட்கலாமா? (ஒரு தாய், புளியந்தோப்பு)

கேட்க வேண்டும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில், யார் எந்த நாள் பெருக்குவது என்ற முறைப் பட்டியலைக் கேளுங்கள். பல பள்ளிகளில் பெண் பிள்ளைகள் பெருக்குவார்கள், பையன்கள் மணி அடிப்பார்கள். என் பள்ளியிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை, ஒரு நான்காம் வகுப்புப் பெண் வந்து "எனக்கு மணி எப்போது, டீச்சர்?" என்று கேட்கும்வரை. கழிப்பறை விஷயம் வேறு. பிள்ளைகளைக் கழுவச் சொன்னால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காதீர்கள், அன்றே பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417க்கு அழையுங்கள். எந்தெந்தப் பிள்ளைகளைச் சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.