மூட்டு மாற்றிய டர்னர் எப்போது லேத் முன்னால் நிற்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூட்டு மாற்று சிகிச்சை பற்றி எழுதியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி பட்டறைக்காரர்களுடையது. கோவை ஆவாரம்பாளையத்தில், லேத்தில் இரும்பு கடையும் டர்னரான அப்பாவின் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் வளர்ந்து பிசியோதெரபிஸ்ட் ஆனவள் நான். இந்தக் கேள்விகள் எனக்கு எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கின்றன.

"வலது முழங்கால் மாத்தி அஞ்சு வாரம் ஆச்சுங்க மேடம். வாக்கரை விட்டாச்சு. வயசு 64. பட்டறையில பையன் தனியா கஷ்டப்படறான். எப்பப் போகலாம்?" – கணபதி, கோவை

பட்டறைக்குப் போவது வேறு, லேத் ஓட்டுவது வேறுங்க. ஆறு வாரம் முடிந்து சர்ஜன் பார்த்துச் சரி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து ஜாப் (கடையும் துண்டு) அளக்கலாம், டிராயிங் பார்க்கலாம். நின்று ஓட்டப் பெரும்பாலும் மூன்று மாதமாவது ஆகிறது.

நாளை எண்ணுவதைவிடக் காலைப் பாருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? காலை முழுசாக நீட்ட வருகிறதா? எல்லோரும் மடக்குவதிலேயே குறியாக இருக்கிறார்கள். நீட்ட வராத காலோடு சிமெண்ட் தரையில் நின்றால் தொடைத் தசை ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்காது. படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

உங்கள் லேத்தில் கால் பிரேக் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. மெயினை அணைத்துவிட்டு, பையனைத் திடீரென்று "நிறுத்து" என்று சொல்லச் சொல்லுங்கள். வலது கால் யோசித்து மிதிக்கிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. வலி மாத்திரையில் தூக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் மெஷின் பக்கமே போகக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், கடையும்போது சீவி விழும் இரும்புச் சுருள் லேசாகக் கீறினாலும் ரத்தம் சீக்கிரம் நிற்காது.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். காலையிலும் சாயங்காலமும் முழங்கால் சில்லின் நடுவில் டேப்பைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதுங்கள். சாயங்காலம் ஏறிய வீக்கம் மறுநாள் காலையில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் கால் மணி நேரம் கூட்டலாம். இறங்காவிட்டால் குறையுங்கள். ஆயுசு முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்த கைக்கு இந்தக் கணக்கு எளிது. காலடியில் ரப்பர் மேட், பக்கத்தில் உயரமான ஸ்டூல் இரண்டும் இருக்கட்டும். ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் 'சக்'கைக் கழற்றி மாட்டும் வேலையைப் பையனிடம் விடுங்கள். 10 அங்குலச் சக் 25 கிலோ வாக்கில் இருக்கும்.

கெண்டைக்கால் வலித்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

"இடுப்பு மூட்டு மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் சுருள் கிழித்த விரலில் இப்போது சீழ். விரலுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறார் நண்பர்." – அம்பத்தூர்

சம்பந்தம் இருக்கிறது. இதைப் படித்ததும் டாக்டரிடம் கிளம்புங்கள். உடம்பில் எங்கே சீழ் பிடித்தாலும் கிருமி ரத்தத்தோடு போய்ச் செயற்கை மூட்டில் ஒட்டலாம். எத்தனை வருஷம் கழித்தும் இது நடக்கும். உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன் மேல் படலம் கட்டிக்கொண்டால் மருந்து சரியாக எட்டாது, அப்புறம் மறுபடி ஆபரேஷன்தான். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அரைகுறை மருந்து நோயை மறைத்துவிடும். மூட்டு மாற்றியிருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், டி.டி. ஊசி பற்றியும் கேளுங்கள். இடுப்பில் புதிதாக வலியோ காய்ச்சலோ வந்தால் ஆபரேஷன் செய்த சர்ஜனையே பார்க்க வேண்டும்.

வாடை அடிக்கும் பழைய கூலண்டில் (கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) கிருமிகள் பெருகிக் கிடக்கும். அதை மாற்றி, தொட்டியையும் கழுவுங்கள். சுருளை எடுக்க மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பிக் கொக்கியை எடுங்கள். காயத்துக்குப் பயந்து கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் போய்விடாதீர்கள். துணி சிக்கினால் கையோடு இழுத்துவிடும்.

"முட்டி மாற்றியவர் ஆர்க் வெல்டிங் அடிக்கலாமா? காந்தம் இழுக்குமா?" – ஓசூர்

அடிக்கலாம். மூட்டில் இருப்பது கோபால்ட்-குரோமியம், டைட்டானியம், பிளாஸ்டிக். காந்தம் இழுக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வெல்டிங் பக்கம் போகக் கூடாது.

"நடக்கும்போது முட்டியில் 'டக்' என்று சத்தம் வருகிறது. ஃபிட்டிங்கில் ப்ளே (தளர்ச்சி) இருக்குமோ? வெளிப்பக்கம் தோல் மரத்தும் போயிருக்கிறது." – திருச்சி, ஓய்வுபெற்ற ஃபிட்டர்

உலோகம் பிளாஸ்டிக்கில் தட்டும் சத்தம் அது. வலி இல்லை, கால் நழுவவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தொடைத் தசை பலமாக ஆக அநேகமாகக் குறையும். வலியோடு வந்தாலோ, கால் திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ காட்டுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக்கின் கதை உங்களுக்குப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் முதலில் டெஃப்லானில் இடுப்புக் கிண்ணம் செய்தார். சில வருஷங்களில் அது தேய்ந்துபோனது. 1962-ல் லங்காஷயர் ஜவுளி மில்களுக்குப் பாலிஎத்திலீன் பற்சக்கரம் விற்ற ஒருவர் அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன் அதைத் தேய்மானச் சோதனை மெஷினில் மாட்டி ஓட்டினார். நாள் கணக்கில் ஓடியும் தேய்மானம் மிகக் குறைவு. உங்கள் முட்டிக்குள் இருப்பது அந்த வகைப் பிளாஸ்டிக்தான். மெஷினில் ஓட்டிப் பார்த்த ஒரு பட்டறைக்காரரால் கிடைத்தது என்பதில் எனக்கு எப்போதும் சந்தோஷம்.

மரத்துப்போனது, கீறும்போது தோலின் சிறு நரம்பு அறுபடுவதால். ஒரு வருஷத்தில் பரப்பு குறையும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யலாம். அந்த இடத்தில் சூடான சுருள் விழுந்தாலும் தெரியாது. பட்டறைக்குள் முழுக்கால் சட்டை போடுங்கள். சுடுநீர் ஒத்தடமும் அங்கே வேண்டாம்.

"குந்தி உட்கார்ந்து மெஷினுக்கு அடியில் துடைக்கலாமா?" – ராணிப்பேட்டை

வேண்டாம். நீளக் கைப்பிடி பிரஷ் வாங்குங்கள்.

"அப்பாவுக்கு 70 வயது. முட்டி மாற்றி நாலு மாதம். பட்டறையில் கூலண்ட் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தாராம். வேலை செய்யும் பையன் சொல்லித்தான் தெரியும். கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறார். நடக்கவும் செய்கிறார். விட்டுவிடலாமா?" – சிங்காநல்லூர்

விடாதீர்கள் தங்கச்சி. நடக்கிறார் என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பில் மயிரிழை விரிசல் விட்டாலும் சிலர் நடந்துகொண்டே இருப்பார்கள்.

முட்டி மாற்றிய என் அப்பாவும் இப்படித்தான். விழப்போய் லேத்தின் கோடியில் இருக்கும் டெயில்ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டார், ஆனாலும் முட்டி தரையில் இடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவர் மாடிப்படி ஏறுவதைக் கீழே நின்று பார்த்தேன். கால் மாற்றி மாற்றி ஏறப் பழகியிருந்தவர், ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் மாதிரி நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் சேர்த்து ஏறினார். கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்திருந்தார். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. நல்லவேளை, விலகவில்லை. ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருந்து சரியாயிற்று.

"வலிக்குதா" என்று கேட்டால் இந்தத் தலைமுறை டர்னர்கள் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். படி ஏறச் சொல்லிப் பாருங்கள், கால்சட்டையை இரண்டு பக்கமும் மடித்து இரண்டு முட்டியையும் ஒப்பிடுங்கள். எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும் நாளைக்கே சர்ஜனிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் விழுந்த விஷயத்தை நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.