அதிகம் தெரிந்துகொண்டால் பாட்டின் இயல்பு கெட்டுவிடுமா?

குரல் எப்படி இயங்குகிறது என்று படிக்க ஆரம்பித்ததிலிருந்து, முன்பு சுலபமாக வந்த பாட்டுகூட இறுகிப்போகிறது, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். படித்ததை எப்போது நினைப்பது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் மூளை உத்தரவு போடுவதில்லை. நாண்களை எவ்வளவு இழுத்து நெருக்குவது என்பது மட்டுமே மூளையின் வேலை, அதுவும் வேண்டிய ஒலியை மனதில் நினைத்ததும் தானாக நடந்துவிடுகிறது. அங்கே போய் நாம் கையை வைத்தால் இறுகத்தான் செய்யும். "உதரவிதானத்திலிருந்து பாடு" என்ற அறிவுரையையே பாருங்கள். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. அதன் அசைவு நமக்கு நேராகத் தெரிவதில்லை, வயிறும் விலாவும் அசைவதுதான் தெரியும். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள் வயிற்றைக் கல்லாக்கிக்கொள்கிறார்கள்.

மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-இல் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துத் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்!

சரி, அப்படியானால் இயல்பையே நம்பிவிடலாமா? அதிலும் எனக்குச் சம்மதமில்லை. மேல் ஸ்தாயி வந்ததும் முகவாயைத் தூக்குவதும், கழுத்தை இறுக்குவதும், காற்றை முட்டித் தள்ளுவதும்கூட இயல்புதான். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம், இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். மேடையில் தன் குரல் தனக்குக் கேட்காதவர் கத்திப் பாடி மறுநாள் தொண்டை கட்டிக்கொள்வது இதனால்தான். விஷயம் தெரிந்தவர் மானிட்டரில், அதாவது பாடுபவரை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில், தன் குரலைக் கூட்டச் சொல்வார், அல்லது ஒரு காதைப் பொத்திக்கொள்வார்.

உயிரொலிகளின் சங்கதி இன்னும் சுவாரசியம். ஈ, ஊ என்று பாடும்போது வாய், தொண்டைக் குழியின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அந்தக் குழி ஒலியைத் தானாகப் பெருக்கிக் கொடுக்கும் இடம், ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸில் இருக்கும். பெண் குரல் 500-ஐத் தாண்டி ஏறும்போது ஸ்வரம் அதைவிட மேலே போய்விடுகிறது. ஒலி மெலிந்துவிடும், பாடுபவர் பயந்து இன்னும் அழுத்துவார். தாடையைக் கொஞ்சம் இறக்கினால் ஒத்ததிர்வும் மேலே ஏறி, அழுத்தாமலே ஒலி நிறையும். ஈ கொஞ்சம் ஏ பக்கம் சாயும், கேட்பவருக்கு அது உறுத்தாது. ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் இதை அளந்து எழுதினார். எங்கும் படிக்காமலே இதைச் செய்யும் பாடகர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அது இயல்பாக அமையாதவருக்கு, "உணர்ந்து பாடு" என்று ஆயிரம் முறை சொன்னாலும் வராது.

அதனால் நான் செய்வது இதுதான். முதலில் பாட்டை முழுசாகப் பாடிப் பதிவு செய்வேன். நம் குரல் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால், பாடும்போது நம் காதை அவ்வளவாக நம்ப முடியாது. எந்த இடம் மாட்டுகிறதோ அந்த ஒரு வரிக்கு மட்டும் படிப்பைக் கூப்பிடுவேன். மூச்சா, உயிரொலியா, தேவைக்கு மேல் சத்தமா? ஒன்றை மட்டும் மாற்றி, யோசிக்காமல் வரும்வரை மெதுவாகப் பாடுவேன். ஸ்ட்ரா வழியாக அந்த வரியை முனகிப் பார்ப்பதும் உதவும். ஸ்ட்ராவுக்குப் பின்னால் சேரும் அழுத்தம் நாண்கள் மோதும் வேகத்தைத் தணிக்கிறது, நீங்கள் எதையும் நினைக்க வேண்டியதில்லை.

அப்புறம் முழுப் பாட்டு. அப்போது பாட்டின் சொற்களும் அவற்றின் உணர்ச்சியும் மட்டும்தான் மனதில். நடுவில் குரல்வளை ஞாபகம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பதிவைக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வலி வந்தால் மட்டும் அப்படி விடாதீர்கள், பாதிப் பாட்டானாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.