வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம்: ஆய்வாளர் கேள்விகளும் பதில்களும்

ஆய்வேடு எழுதுவது பற்றி எழுதியபோது வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு கவலையைச் சொன்னவை. எழுதியதை நாலு பேர் முன்னால் நின்று எப்படிச் சொல்வது என்பதே அந்தக் கவலை. டி.சி. கூட்டம் (முனைவர் பட்ட ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டம்), சினாப்சிஸ் (ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் தரும் ஆய்வுச் சுருக்கம்), வைவா (தேர்வாளர் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு) எல்லாவற்றுக்கும் பொருந்தும் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வணக்கம் சார். வைவா தேதி வந்துவிட்டது. 40 நிமிடம் பேச வேண்டும். என்னிடம் 85 ஸ்லைடு இருக்கிறது. எல்லா அத்தியாயத்தையும் காட்டினால்தானே என் உழைப்பு தெரியும்? எதை எடுப்பது?
(திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் உழைப்பு ஆய்வேட்டில் இருக்கிறது அம்மா. புறத்தேர்வாளர் அதைப் படித்து, அறிக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தேதியே வந்திருக்கிறது. அதையே அவருக்கு மறுபடி படித்துக் காட்ட வேண்டியதில்லை. நீங்கள் என்ன கேட்டீர்கள், அதற்கு விடை தேட ஏன் இந்த வழியில் போனீர்கள், என்ன கிடைத்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை உங்கள் வாயால் கேட்கத்தான் அவர் வருகிறார்.

40 நிமிடத்துக்கு 25 ஸ்லைடு போதும். பின்னணிக்கும் முந்தைய ஆய்வுகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், முறையியலுக்கு எட்டு நிமிடம், முடிவுகளுக்கு இருபது நிமிடம். மிச்சம் உங்கள் பங்களிப்புக்கும் ஆய்வின் வரம்புகளுக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முந்தைய ஆய்வுகளை ஒவ்வொன்றாக ஆண்டு வரிசையில் படித்துக்கொண்டே போய், முடிவுக்கு வரும்போது "நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள்" என்ற குரல் வந்துவிடும்.

மீதி 60 ஸ்லைடை அழிக்க வேண்டாம். 'நன்றி' ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். காட்சி ஓடும்போது எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் பவர்பாயின்ட் நேராக அந்த ஸ்லைடுக்குப் போய்விடும். எந்த எண்ணில் எந்த அட்டவணை என்ற பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதைவிட, அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. "கேள்வித்தாள் எப்படி இருந்தது?" என்று கேட்டவுடன் அது திரையில் வந்தால், தயாராக வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் புரியும்.

நீங்கள் அனுப்பிய ஒரு ஸ்லைடை மட்டும் பார்ப்போம். தலைப்பு 'முடிவுகள் – 4'. கீழே எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த அட்டவணை அப்படியே ஒட்டப்பட்டிருக்கிறது: 14 வரிசை, 7 பத்தி. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவரால்கூடப் படிக்க முடியாது. இதில் நீங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: சுயஉதவிக் குழுப் பெண்களின் படிப்புக்கும் கடனை உரிய நேரத்தில் கட்டுவதற்கும் தொடர்பில்லை. அதையே தலைப்பாக முழு வாக்கியத்தில் எழுதுங்கள். கீழே ஒரு பட்டை வரைபடம் மட்டும் போதும், அட்டவணை பின்னால் போகட்டும். அதற்கடுத்த ஸ்லைடில் பி மதிப்பு (உண்மையில் தொடர்போ வேறுபாடோ இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) '0.000' என்று இருக்கிறது. மென்பொருள் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வதால் அப்படிக் காட்டுகிறது, உண்மையில் அந்த மதிப்பு பூஜ்யம் ஆகாது. '0.001-ஐ விடக் குறைவு' என்று மாற்றுங்கள். புள்ளியியல் தெரிந்த தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

முதல் டி.சி. கூட்டம் வருகிறது. இன்னும் ஒரு தரவும் எடுக்கவில்லை. முடிவே இல்லாமல் எதைக் காட்டுவது?

கேள்வியைக் காட்டுங்கள். வைவாவில் விடையைக் காப்பாற்ற வேண்டும், முதல் டி.சி. கூட்டத்தில் வைக்கும் முன்மொழிவில் கேள்வியைக் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஸ்லைடு செய்வதுதான் சிக்கல்.

"இந்தத் தலைப்பில் நம் மாவட்டத்தில் யாரும் ஆய்வு செய்யவில்லை" என்பதை ஆய்வு இடைவெளி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். யாரும் செய்யாததற்கு, அது தேவைப்படவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே செய்தவர்கள் எங்கே முரண்படுகிறார்கள், எதை அளக்காமல் விட்டார்கள், உங்கள் மாவட்டத்தில் எது வேறாக இருப்பதால் அந்த முடிவு இங்கே பொருந்தாமல் போகலாம் என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உங்கள் தலைப்பின் முக்கியச் சொற்களைத் தட்டிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே சேருகின்றன. குழுவில் ஒருவர் அங்கே பார்த்துவிட்டு வந்து, "இதை முன்பே ஒருவர் செய்திருக்கிறாரே" என்று கேட்கும்போது நீங்கள் முதன்முறையாகக் கேள்விப்படக் கூடாது.

கால அட்டவணை ஒரு ஸ்லைடு அவசியம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. இந்தக் காலத்துக்குள் கள வேலை எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். பள்ளியில் தரவு எடுப்பவர் மே மாதத்தைக் குறித்திருந்தால் குழு உடனே கண்டுபிடித்துவிடும்.

மாதிரி எண்ணிக்கை ஏன் 384 என்று சினாப்சிஸில் கேட்டார்கள். "கிரெஜ்சி–மார்கன் அட்டவணைப்படி" என்றேன். விடவில்லை. வேறென்ன சொல்ல வேண்டும்?

எவ்வளவு பெரிய இனத்தொகைக்கு (ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த மொத்தக் கூட்டத்துக்கு) எத்தனை பேர் மாதிரி வேண்டும் என்று சொல்லும் அந்த அட்டவணை 1970-இல் வந்தது. அதன் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அது எதை முன்வைத்து நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். 95 சதவீத நம்பிக்கை அளவு, 5 சதவீதப் பிழை, இனத்தொகையில் பாதிப் பேரிடம் அந்தப் பண்பு இருக்கும் என்ற எடுகோள், எல்லாவற்றுக்கும் மேலாக எளிய சமவாய்ப்பு மாதிரி, அதாவது எல்லாருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு உள்ள மாதிரி. நீங்கள் கடைத்தெருவில் கிடைத்தவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பியிருந்தால் அந்த அட்டவணை உங்களுக்கு உதவாது. அப்படியென்றால் அதை ஒப்புக்கொண்டு, அதனால் உங்கள் முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று வரம்புகள் ஸ்லைடில் போடுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்ட குறை பாதி கரைந்துவிடும்.

என் ஐந்து கருதுகோள்களில் மூன்று நிராகரிக்கப்பட்டுவிட்டன. வைவாவில் அவற்றை மேலோட்டமாகச் சொல்லிக் கடந்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்த மூன்றில்தான் உங்கள் ஆய்வின் உயிர் இருக்கலாம். எல்லாரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்பதே நல்ல கண்டுபிடிப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: "வேறுபாடு இல்லை" என்பதும் "வேறுபாட்டுக்கு என் தரவில் போதிய சான்று இல்லை" என்பதும் ஒன்றல்ல. சிறிய மாதிரி என்றால் இரண்டாவதைத்தான் சொல்ல முடியும்.

தேர்வாளர் அறிக்கையில் எழுப்பிய கேள்விகளுக்கு வைவாவிலேயே பதில் சொல்ல வேண்டுமாம். எப்படி?

கேள்வியை ஒரு சொல்கூட மாற்றாமல் மேலே போடுங்கள். கீழே உங்கள் பதில், ஓரத்தில் ஆய்வேட்டின் பக்க எண். ஒரு கேள்விக்கு ஒரு ஸ்லைடு. "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், முன்பு இருந்த வரியையும் இப்போது உள்ள வரியையும் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். அவர் சொன்னதை ஏற்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு மரியாதையாகச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. பதில்களை முந்தின வாரமே நெறியாளரிடம் காட்டிவிடுங்கள், மேடையில் அவர் ஒன்று நீங்கள் ஒன்று சொல்லும்படி ஆகக் கூடாது.

தமிழ்த்துறை மாணவன் நான். கருத்தரங்கில் என் ஸ்லைடு முழுக்கக் குப்பையாக வந்தது. வைவாவிலும் அப்படி ஆகுமோ?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கணினிகளில் நிர்மலா என்ற யுனிகோடு எழுத்துரு இருக்கும். மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் அப்போதுதான் தெரியும். கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். முதல் நாள் மாலையே அரங்குக்குப் போய், விளக்கெல்லாம் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

தெரியாத கேள்வி வந்துவிட்டால்?

முதலில் கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே கேட்கிறீர்கள் ஐயா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி நேரம் கேள்வி நாம் பயந்த கேள்வியாக இருக்காது. நிஜமாகவே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எந்தத் தரவு இருந்தால் விடை சொல்ல முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இருந்த ஒரு வைவாவில் ஒரு பெண்ணிடம், இதே முடிவு ஆண்களுக்கும் வருமா என்று கேட்டார்கள். "சொல்ல முடியாது ஐயா, நான் பெண்களிடம் மட்டுமே கேட்டேன். ஆனால் என் கேள்வித்தாளில் 7, 12 இரண்டையும் மாற்றாமல் ஆண்களிடம் கேட்க முடியாது" என்றார். கேட்டவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியே அடுத்த பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வைவா அன்று சாப்பாடு, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் நான்தான் செய்ய வேண்டுமா? கடன் வாங்கும் நிலையில் இருக்கிறேன்.

வேண்டாம். தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். பட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வந்தவர்களுக்கு டீயும் தண்ணீரும் போதும். நெறியாளரிடம் உங்கள் நிலைமையை இப்போதே நேரில் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் துறையில் உங்களுக்கு நெருக்கமான மூத்த ஆய்வாளர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.