சார் இல்லாத குரூப்

கேள்வி: என் மகள் கொடைக்கானலில் பட்டப்படிப்பு படிக்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் ஜன்னல் மூலையில் போனும் கையுமாகவே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் 'காலேஜ் குரூப்' என்கிறாள். வாட்ஸ்அப்பில் பாடம் நடத்துவது எந்த ஊர் வழக்கம்?
— வாசகர், மன்னவனூர்

பதில்: முதலில் அந்த மூலையைப் பற்றிப் பேசிவிடுவோம். மன்னவனூர், கூக்கால், கிளாவரை பக்கமெல்லாம் டவர் வீடு முழுக்கவா கிடைக்கிறது? ஏதோ ஒரு ஜன்னலோரம், ஏதோ ஒரு மேடு. காற்று மழைக்கு மரம் சாய்ந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் அதுவும் போச்சு. உங்களுக்கு மறைத்து எதையோ பார்க்கிறாள் என்று நினைக்காதீர்கள். அங்கேதான் சிக்னல் வருகிறது, அதனால் அங்கே உட்காருகிறாள்.

2020 ஊரடங்கில் கல்லூரிகள் வாட்ஸ்அப்புக்குள் போயின. கதவு திறந்த பிறகும் பாதி நிர்வாகம் அங்கேயே தங்கிவிட்டது. தேர்வுத் தேதி, ஃபீஸ் கெடு, நோட்ஸ் எல்லாம் போனில்தான் வருகிறது. பார்க்காத பிள்ளைக்குத்தான் நஷ்டம். நடுவில் ரீல்ஸும் பார்ப்பாள், தோழியோடு அரட்டையும் அடிப்பாள். அடிக்கட்டுமே. ஃபேஸ்புக்கே 2004-ல் ஹார்வர்ட் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்ததுதான்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். பல வகுப்புகளின் குரூப்பில் அட்மின் மட்டுமே எழுத முடியும். ஆசிரியர் ஒரு பிடிஎஃப் போடுவார், அறுபது பேர் திறந்ததாகக் காட்டும், பாடம் முடிந்ததாகக் கணக்கு. கேள்வியே கேட்க முடியாத இடத்தில் என்ன பாடம் நடக்கும்? அதனால் பிள்ளைகள் சார் இல்லாத குரூப் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். நிஜமான பாடம் அங்கே நடக்கிறது. தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒரு பெண் கணக்கை நோட்டில் போட்டு, படம் எடுத்து அனுப்பி, "மூணாவது வரியில ஏன் மைனஸ் வருதுன்னா..." என்று வாய்ஸ் மெசேஜில் விளக்குவாள். பின்னால் குக்கர் விசில் கேட்கும். அந்த மைனஸ் இருபது பேருக்குப் புரிந்துவிடும். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் மலைக்கிராமத்துப் பிள்ளை அங்கே தயங்காமல் கேட்கிறது. இந்த வாய்ப்பைத்தான் கல்லூரி பூட்டி வைத்திருக்கிறது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சொற்பச் சம்பளத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் போட வேண்டும் என்றால் அது அநியாயம். அவர்களை நிரந்தரமாக்குங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியாயிற்று! இன்னும் எழுதுவேன்.

ஆனால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் என்ற வீடியோ பாடங்கள் யூடியூப்பில் இலவசம். அதைவிட, உங்கள் மகள் படிக்கும் ஊரிலேயே 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியன் மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கேதான். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். இயற்பியல் ஆசிரியர் வாரம் ஒரு படத்தை குரூப்பில் போட்டு, "புள்ளிகளை எண்ணுங்கள், போன வாரத்துக்கு இப்போது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது?" என்று கேட்டால் போதும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எத்தனை வகுப்பில் இதைச் செய்கிறார்கள்?

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். குரூப்பை வாரத்தில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் எழுதத் திறந்துவிடச் சொல்லுங்கள். டவர் இல்லாமல் செய்தியைத் தாமதமாகப் பார்த்த பிள்ளைக்கு அபராதம் போடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.