கோழிக்கு மாறினால் போதுமா? கறி குறித்து வாசகர் கேள்விகள்

பருவநிலை மாற்றம் பற்றிப் படித்த பிறகு மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழிக்கு மாறிவிட்டேன். நல்ல முடிவுதானே?

பூமி சூடாவதை மட்டும் பார்த்தால் நல்ல முடிவுதான். மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியே வருகிறது. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 119 நாடுகளின் பண்ணை விவரங்களைத் திரட்டி 2018-இல் வெளியான ஆய்வின்படி, கறிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் கிடைக்க பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு சராசரியாக 50 கிலோ வெளியாகிறது. கோழிக்கு 6 கிலோவுக்கும் குறைவு. பருப்பு, பயறு வகைகளுக்கு 1 கிலோகூட இல்லை.

ஆனால் உயிர்க் கணக்கு என்று ஒன்றும் இருக்கிறதே! வளர்ந்த ஒரு மாட்டில் 200 கிலோ கறி கிடைக்கும். அதே அளவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிராய்லர் கோழிகளை வெட்ட வேண்டும். ஐந்து முதல் ஏழு வாரத்துக்குள் 2 கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட இனம் அது. கடைசி வாரத்தில் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். சில கோழிகள் தீவனத்தட்டு வரை நடந்து போவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடும். மார்பு பெருத்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை. கால்நடை மருத்துவராக எனக்கு இன்றும் பழகாத காட்சி இது.

அதனால், விட்ட மாட்டிறைச்சியின் அளவுக்கே கோழியை நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் பருப்பும் பயறும் வரட்டும், எப்போதாவது கோழி இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்.

'இயற்கையானது', 'கூண்டில் அடைக்காதது' என்றெல்லாம் பாக்கெட்டில் போடுகிறார்களே, நம்பலாமா?

'இயற்கையானது' என்ற சொல்லை வைத்து, அது எப்படி வளர்ந்தது என்று ஒன்றும் சொல்ல முடியாது. 'கூண்டில் அடைக்காதது' என்பது முட்டைக்கு முக்கியம், பார்த்து வாங்குங்கள். கறிக்கோழிக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலான இடங்களில் கறிக்கோழிகளைக் கொட்டகைத் தரையில்தான் வளர்க்கிறார்கள். நெரிசல்தான் அங்கே பிரச்சினை.

விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை நாளில் வெட்டுகிறீர்கள்? வெளியே மேய விடுகிறீர்களா? நிதானமாக வளரும் இனத்துக்குக் கூடுதல் வாரங்கள் பிடிக்கும், அதனால்தான் விலையும் கூடும். நோய் வராமலே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கிறார்களா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதற்கு அது வழிவிடுகிறது.

அப்புறம், நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முழுக்கோழி வாங்கினால், தொடைத்துண்டின் கீழ் நுனியில் இருக்கும் மூட்டைப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டுகள் இருந்தால், எச்சம் ஊறிய ஈரத் தரையில் அது வெகுநேரம் உட்கார்ந்தே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தரையில் கிளம்பும் அம்மோனியா தோலை அரித்துவிடும்.

தூரத்திலிருந்து வரும் கறியைத் தவிர்த்து, பக்கத்துப் பண்ணையில் வாங்குவது எவ்வளவு உதவும்?

நினைக்கிற அளவுக்கு இல்லை. மாட்டிறைச்சியின் மொத்த வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. விமானத்தில் வருவது மட்டும் விதிவிலக்கு. ஆனால் உயிரோடு லாரியில் ஏற்றிப் பல மணி நேரம் தண்ணீர் காட்டாமல் கொண்டுபோவது கொடுமை. அந்தப் பயணம் குறையும் என்றால் பக்கத்திலேயே வாங்குங்கள்.

புல் மேய்ந்து வளர்ந்த மாடு சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

மாட்டுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. வாயுக் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது. மேய்ச்சலில் மெதுவாக எடை ஏறுவதால் கூடுதல் காலம் உயிரோடு இருந்து, கூடுதல் மீத்தேன் விடும். நல்ல மேய்ச்சல் நிலம் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் இழுத்து மண்ணில் பிடித்து வைக்கும்தான். சில பத்தாண்டுகளில் மண் நிறைந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். காட்டை வெட்டி உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் என்றால் அந்தக் கறியைத் தொடவே வேண்டாம். அமேசான் காடு அழிவதற்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல். பயிர் விளையாத வறண்ட சரிவுகளில் மேய்வது வேறு விஷயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கறியை நிறுத்திவிட்டேன். இப்போது சீஸ் நிறையச் சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

அளவைக் குறையுங்கள். ஒரு கிலோ கெட்டியான சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். புரதத்துக்குப் புரதம் பார்த்தால் கோழியைவிட அதிக வாயு சீஸில்தான். பசு கன்று ஈன்றால்தான் பால். பிறக்கும் காளைக்கன்று எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கறியைக் குறைத்தால் சத்து குறைந்துவிடுமா?

குறைத்தால் ஒன்றும் ஆகாது. முட்டை, பால், பருப்பு இருக்கும்வரை புரதத்துக்குப் பஞ்சமில்லை. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது சிரமம் என்பதால் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக் கொடுங்கள். முட்டை, பால் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துவதாக இருந்தால் வைட்டமின் பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.