ரெண்டாம் வகுப்புப் பையன் ஒர்க்ஷீட்டுக்கு உட்கார மாட்டேங்கறானா? பரண்ல இருக்கிற பல்லாங்குழிய இறக்குங்க

பள்ளத்தூர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காக. வீட்ல நான், மாமியார், ரெண்டு பிள்ளைக. பெரியவன் 2-ம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். சின்னவளுக்கு நாலு வயசு. பெரியவன் நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்கிறான், ஆனா 47 பெரிசா 74 பெரிசான்னு கேட்டா முழிக்கிறான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், கொ கோ வந்தா அப்படியே நின்னுர்றான். நெட்லேர்ந்து ஒர்க்ஷீட் ஒரு கட்டு பிரிண்ட் போட்டு வச்சேன், அஞ்சே நிமிஷத்துல அழுகை. டியூஷன்ல சேர்க்கவா, இல்ல லீவுல வீட்லயே ஏதாவது செய்யலாமா?"

டியூஷன் இப்போதைக்கு வேண்டாங்க. நீங்க எழுதுனதப் பார்த்தா பையனுக்கு மூளைலயும் குறை இல்ல, கவனத்துலயும் குறை இல்ல. அவனுக்கு நம்பரோட பேரு தெரியுது, அந்தப் பேருக்குப் பின்னாடி எவ்வளவு இருக்குங்கறது இன்னும் கைக்கு வரல, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா சொல்றது ஒரு பாட்டு மனப்பாடம் பண்ற மாதிரி வேலை, அது வாய்ல நடக்கும். எண்ணிக்கைங்கறது கண்ணுலயும் கைலயும் நடக்கணும். ஒர்க்ஷீட்டுங்கறது அதெல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு கடைசியா வர்ற சமாச்சாரம், அத முதல்ல குடுத்தா எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும்.

முதல்ல அவன் எங்க நிக்கிறான்னு நீங்களே ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. 13 புளியங்கொட்டைய தரைல பரப்பி எண்ணச் சொல்லுங்க. எண்ணி முடிச்சதும் "மொத்தம் எத்தனைப்பா?"ன்னு கேளுங்க. உடனே 13-ன்னு சொன்னா நல்லது, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சான்னா கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்தம்ங்கற விஷயமே அவனுக்கு இன்னும் உட்காரலன்னு அர்த்தம். அடுத்து அவன் கண்ணு முன்னாடியே ரெண்டு கொட்டைய கூட வச்சு "இப்ப எத்தனை?"ன்னு கேளுங்க. 14, 15-ன்னு தொடர்ந்து போறானா, இல்ல திரும்ப ஒண்ணுலேர்ந்தா? ரெண்டாம் வகுப்புல நிறைய பிள்ளைக இந்த இடத்துலதான் தேங்கி நிக்குதுக, ஆனா நோட்டுல அது தெரியாது, ஏன்னா விரல மடக்கி எண்ணி எப்படியோ விடைய எழுதிருதுக.

இதுக்கு உங்க வீட்லயே மருந்து இருக்கு. செட்டிநாட்டுல பழைய வீடுகள்ல பல்லாங்குழி இல்லாத வீடு கொஞ்சம்தான், பரண்லயோ பெட்டகத்துலயோ தூசி படிஞ்சு கிடக்கும், உங்க மாமியார்ட்ட கேளுங்க, அவுகளுக்கு எங்க இருக்குன்னு தெரியும். இல்லாட்டியும் பரவாயில்ல, முட்டை வைக்கிற அட்டை போதும், இல்ல தரைல சாக்பீஸால ஏழேழா ரெண்டு வரிசையா 14 வட்டம் போடுங்க, ஆளுக்கு ஒரு வரிசை. குழிக்கு 5 முத்து (புளியங்கொட்டையோ சோழியோ), 14 குழிக்கு 70. ஒரு குழில உள்ளத அள்ளி அடுத்தடுத்த குழில ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகணும், தீர்ந்ததும் அடுத்த குழிய அள்ளணும், அடுத்தது காலியா இருந்தா அதத் தொடச்சிட்டு அதுக்கடுத்த குழில உள்ளத எடுத்துக்கணும். நடுவுல எந்தக் குழிலயாவது நாலு சேர்ந்துட்டா அது "பசு", அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கலாம். ஊருக்கு ஊர் ஆட்டம் கொஞ்சம் மாறும், உங்க மாமியார் சொல்ற முறையே வச்சுக்குங்க.

இதுல என்ன படிப்புன்னு கேப்பீங்க. ஒரு முத்து ஒரு குழின்னு போடுறப்ப கையும் எண்ணும் ஒண்ணா நகருது, அதுதான் எண்ணிக்கையோட அஸ்திவாரம். பசு பிடிக்கணும்னா நாலு சேர்ந்தத எண்ணாமலே கண்ணால பார்த்ததும் கண்டுபிடிக்கணும், எதிராளி பார்க்கறதுக்கு முன்னாடி. ரெண்டு நாள் ஆடுனா போதும், மூணும் நாலும் அஞ்சும் அவனுக்குப் பார்த்ததும் தெரிய ஆரம்பிச்சிரும். அப்பறம் "எந்தக் குழிலேர்ந்து எடுத்தா கடைசி முத்து எங்க போய் விழும்"னு யோசிச்சு எடுப்பான் பாருங்க, அங்க கூட்டல் தானா வந்து நிக்கும்.

ஆட்டம் முடிஞ்சதும் போர்டை மூடி வச்சிராதீங்க, நல்ல கணக்கே அப்பறம்தான் இருக்கு. அவன் கைல 37 முத்து இருக்குன்னு வைங்க. "குழிக்கு அஞ்சஞ்சா போடு"ன்னு சொல்லுங்க, 7 குழி நிறைஞ்சு 2 மிச்சம் வரும். வகுத்தல், மீதி ரெண்டும் அவன் பேர் தெரியாமலே செஞ்சுட்டான். இப்ப கேளுங்க: "மொத்தம் 70, உன்கிட்ட 37, அப்ப அப்பத்தாட்ட எத்தனை இருக்கும், எண்ணாம சொல்லு பாப்போம்." முதல் தடவை சொல்ல மாட்டான், அப்பத்தா முத்த எண்ணிப் பார்க்கட்டும், 33 வரும். 37-லேர்ந்து 40-க்கு 3, 40-லேர்ந்து 70-க்கு 30-ன்னு அவன் வாயாலயே ஒரு நாள் சொல்லுவான், அந்த நாள் வரைக்கும் நீங்க விடைய சொல்லிராதீங்க. அவசரப்பட்டு நாம விடை சொல்றதுதான் வீட்ல நடக்கற பெரிய கெடுதல்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய பல்லாங்குழியோட சில வீட்ல சிவப்புல கறுப்புப் பொட்டு வச்ச குன்றிமணி இருக்கும். அது விஷம். முழுசா விழுங்குனா ஒரு வேளை அப்படியே வெளிய வந்துரும், கடிச்சோ மென்னோ முழுங்குனா உயிருக்கே ஆபத்து. எடுத்து பிள்ளைக கைக்கு எட்டாம வச்சிருங்க. புளியங்கொட்டையும் நாலு வயசுப் பிள்ளை வாய்ல மூக்குல போட்டுக்கும், சின்னவ பக்கத்துல இருந்தா பெரிய சோழி வச்சு ஆடுங்க, நீங்களும் கூடவே இருங்க.

இப்ப 47, 74 விஷயம். இதுக்கு ஈர்க்குச்சிதான். விளக்கமாத்துலேர்ந்து இல்ல, புதுசா தென்னை ஓலை சீவி விரல் நீளத்துக்கு ஒரு நூறு குச்சி ஒடிச்சுக்கணும், அதையும் அவனே ஒடிக்கட்டும். பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டணும். 47-ன்னா நாலு கட்டு, ஏழு தனிக்குச்சி. 74-ன்னா ஏழு கட்டு, நாலு குச்சி. ரெண்டையும் பக்கத்துல வச்சா எது பெரிசுன்னு கேக்கவே வேண்டியதில்ல. இதுல முக்கியமானது கட்டுறதும் பிரிக்கறதும்தான். 32-லேர்ந்து 5 எடுக்கணும்னா ரெண்டு குச்சிதான் தனியா இருக்கு, ஒரு கட்டப் பிரிச்சே ஆகணும், "கடன் வாங்கிக் கழித்தல்"னு ஸ்கூல்ல சொல்றது இதுதான், ஆனா கடன்னு சொன்னா பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது, கட்டப் பிரிடான்னா புரியும். இன்னொண்ணு, தமிழ்ல நம்பர சொல்லிப் பழகுங்க. பதினேழுன்னா பத்தும் ஏழும்னு காதுலயே விழுது, இங்கிலீஷ்ல செவன்டீன்னு ஏழு முன்னாடி வர்றதால 71-ன்னு எழுதற பிள்ளைகள நிறைய பார்க்கலாம். தமிழ்ல கஷ்டம் குடுக்கறது தொண்ணூறு ஒண்ணுதான், அதுல நூறு ஒட்டிக்கிட்டு இருக்கறதால குழம்பும், அத மட்டும் கட்டு வச்சுக் காட்டிருங்க.

அடுப்படில படி, உழக்கு இருக்கா? அதையும் விட்டுறாதீங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. ரெட்டிப்பு ரெட்டிப்பா போகுது, அரை, கால், அரைக்கால்னு பின்னம் முழுக்க இதுக்குள்ள இருக்கு. உலை வைக்கறதுக்கு முன்னாடி அரிசிய அவன அளக்க விடுங்க. ஆழாக்கால அள்ளி ஊத்தி ஊத்தி, எத்தனை ஊத்துனா படி நிறையும்னு முதல்லயே ஊகிச்சு சொல்லச் சொல்லுங்க, எட்டுன்னு யாரும் முதல்ல சொல்றதில்ல. ஒரு ஆழாக்கு குவிச்சும் ஒரு ஆழாக்கு குறைச்சலாவும் ஊத்துவான், கணக்கு இடிக்கும். அப்பதான் அப்பத்தா உள்ளங்கையால தலைதட்டி அளக்கறத காட்டணும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அளந்தாத்தான் அளவுங்கறது எந்த சயின்ஸ் புஸ்தகத்தையும் விட இந்த இடத்துல நல்லா பதியும். தரைல சிந்துனத அவனே பொறுக்கட்டும், அதுவும் விரலுக்குப் பயிற்சிதான்.

வளவுல, அதாவது வீட்டு உள்முற்றத்துல, ஆத்தங்குடித் தரைக்கல்லு போட்டிருந்தா குறுக்க எத்தனை, நெடுக்க எத்தனைன்னு எண்ணி மொத்தம் கண்டுபிடிக்கலாம், ஒவ்வொண்ணா எண்ணாம வரிசை வரிசையா கூட்டுறதுதான் பெருக்கல். கோலமும் அப்படித்தான், 5 புள்ளி 3 வரைக்கும் இடைப்புள்ளின்னா 3, 4, 5, 4, 3, மொத்தம் 19, வச்சுப் பார்க்கட்டும். பையனுக்கு எதுக்குக் கோலம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

தமிழ் வாசிப்புக்கு வருவோம். கொ, கோ-ல நிக்கிறான்னு சொன்னீங்களே, அது அவன் தப்பு இல்ல. கண்ணு இடதுலேர்ந்து வலதுக்குப் போகுது, முதல்ல கொம்பு, அப்பறம் க, அப்பறம் கால். ஆனா ஒலி அந்த வரிசைல வர்றதில்ல, மூணையும் சேர்த்துப் பார்த்துட்டுத்தான் வாயத் திறக்கணும். இத யாராவது செஞ்சு காட்டணும். நாலு அட்டை வெட்டுங்க, ஒண்ணுல க, ஒண்ணுல ஒத்தைக் கொம்பு, ஒண்ணுல ரெட்டைக் கொம்பு, ஒண்ணுல கால். நடுவுல க வச்சு "க". இடது பக்கம் கொம்பு வச்சு "கெ". வலது பக்கம் கால் வச்சதும் "கொ". ஒத்தைக் கொம்ப எடுத்துட்டு ரெட்டைக் கொம்பு வச்சா "கோ". க-வ எடுத்துட்டு த, ப, ம-ன்னு மாத்தி மாத்தி வைங்க. அப்பறம் ஜோடி வார்த்தை: கொட்டை, கோட்டை. தொடு, தோடு. கொடி, கோடி. கொட்டை கைலயே இருக்கு, கோட்டை தேவகோட்டை பஸ் போர்டுல இருக்கு. பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப போர்டப் படிச்சு நம்ம பஸ் எதுன்னு சொல்ற பொறுப்ப அவன்ட்ட குடுங்க. படிச்சாத்தான் வீட்டுக்குப் போக முடியும்னு தெரிஞ்சா எப்படிப் படிக்கிறான்னு பாருங்க.

எழுத்துக் கூட்டுறதுலேர்ந்து சரளமா வர்றதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற ஒரு வழி, உங்க வீட்டுக்கு ரொம்பப் பொருந்தும். தினம் ராத்திரி அவன் சிங்கப்பூர்ல இருக்கற அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ரெண்டு மூணு வரி சொல்லட்டும், நீங்க அவன் சொல்றத சொன்னபடியே பெரிய எழுத்துல நோட்டுல எழுதுங்க. "அப்பத்தா கந்தரப்பம் சுட்டாக, நான் மூணு தின்னேன், பாப்பா கீழ போட்டுருச்சு." திருத்தாதீங்க, சுட்டார்கள்னு மாத்தாதீங்க. எழுதி முடிச்சு அவன் விரல் வச்சுப் படிக்கணும், வீடியோ கால்ல அப்பச்சிக்குப் படிச்சுக் காட்டணும். அவன் பேச்சே எழுத்தா நிக்கறதால அடுத்த வார்த்தை என்னன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும், தடங்கல் குறையும், கண்ணு வேகமா ஓடப் பழகும். ஒரு மாசம் கழிச்சு புஸ்தகத் தமிழுக்கு மெதுவா மாத்திக்கலாம்.

இங்கிலீஷ் மீடியம்ல படிக்கறவனுக்கு இவ்வளவு தமிழ் தேவையான்னு அடுத்து கேப்பீங்க, நிறைய பேர் கேக்கறாங்க. தேவை. ஒலியையும் எழுத்தையும் சேர்த்து வாசிக்கறதுங்கற வித்தைய ஒரு பிள்ளை தனக்கு நல்லா புரியற மொழில கத்துக்கிட்டா, அடுத்த மொழிக்கு அத எடுத்துட்டுப் போகும். புரியாத மொழில ஆரம்பிச்சா வெறும் சத்தம்தான்.

நேரம் கால் மணி, மிஞ்சிப்போனா இருபது நிமிஷம். எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யாதீங்க, ஒரு வாரம் பல்லாங்குழியும் நோட்டும் மட்டும் போதும், அடுத்த வாரம் குச்சி. அவன் "இன்னொரு ஆட்டம்"னு கேக்கறப்பவே நிறுத்துனா மறுநாள் தானா வந்து உட்காருவான். ஸ்கூல்லேர்ந்து பக்கம் பக்கமா எழுதச் சொல்லி அனுப்புனா டீச்சர்ட்ட தயங்காம பேசுங்க. 2018-ல சென்னை ஐகோர்ட்டே சிபிஎஸ்இ ஸ்கூல்கள்ல 1, 2-ம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு சொல்லிருக்கு, 2020-ல மத்திய அரசு போட்ட பள்ளிப்பை கொள்கையும் 2-ம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம்னுதான் சொல்லுது. நம்ம அரசுப் பள்ளிகள்ல 2022-லேர்ந்து நடக்கற எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் 1-லேர்ந்து 3-ம் வகுப்பு வரை பிள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு அவங்க நிலைக்குத் தக்கபடி பிரிச்சு, பாட்டு, பொருள், அட்டைன்னுதான் சொல்லிக் குடுக்கறாங்க. உங்க பையன் கணக்குல மொட்டுலயும் வாசிப்புல அரும்புலயும் இருக்கலாம், ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல.

போன்ல வர்ற படிப்பு ஆப்ப பத்தி: தடை போட வேண்டாம், ஆனா அதுல விடை தப்பானா சும்மா அடுத்தடுத்து அமுக்கிக்கிட்டே போவான், யோசிக்க வேண்டிய அவசியமே வராது. பக்கத்துல உட்கார்ந்து "ஏன் அத அமுக்குன?"ன்னு கேக்க ஆள் இருந்தா பத்து நிமிஷம் குடுங்க.

சின்னவளுக்குத் தனியா பாடம் எதுவும் வேண்டாம். பூ தொடுக்கறப்ப பக்கத்துல உட்கார வைங்க, பருப்புல கல்லு பொறுக்கட்டும், தேன்குழல் அச்ச ரெண்டு கையால அமுக்கட்டும், அப்பத்தாவுக்கு கொட்டான் (ஓலைக்கூடை) பின்ன வரும்னா ஓலைய மேல கீழ கோர்க்க விடுங்க. பென்சில் பிடிக்கற பலம் இதுல வரும்.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் ரெண்டு மூணு மாசம் விடாம செஞ்சும் எழுத்து நிக்கலன்னா, இல்ல புஸ்தகத்த மூக்குகிட்ட கொண்டு போறான், கூப்பிட்டா ரெண்டாந்தடவைதான் திரும்பறான்னு தோணுச்சுன்னா, முதல்ல கண்ணு, காது ரெண்டையும் டாக்டர்ட்ட காட்டிருங்க. எழுத்தத் திருப்பி எழுதறத பத்தி மட்டும் இப்ப கவலப்படாதீங்க, ஏழு வயசு வரைக்கும் நிறைய பிள்ளைக அப்படித்தான் எழுதும். அதுக்கு மேலயும் நீடிச்சு, வாசிப்பும் ரொம்ப சிரமமா இருந்தா டீச்சரையும் கலந்துக்கிட்டு ஒரு கற்றல் குறைபாட்டு நிபுணர்ட்ட காட்டுங்க, அவன் நோட்டையும் கூட எடுத்துட்டுப் போங்க.