கோட்பாட்டுத் தாளை எப்படிப் படிப்பது?

கேள்வி: எம்.ஏ. தொல்லியல் முதலாண்டு படிக்கிறேன். 'தொல்லியல் வரலாறும் கோட்பாடும்' தாளில் பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாகின்றன, விஷயம் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெயர்ப் பட்டியலைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். ஒரே ஓர் அகழாய்விடத்தை எடுத்து, ஒவ்வொரு தலைமுறையும் அதை எப்படி வாசித்தது என்று பாருங்கள். புதுச்சேரி அரிக்கமேடு நல்ல தேர்வு. 1945-இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், காலம் தெரிந்த இத்தாலிய அரட்டைன் மட்கல ஓடுகளை வைத்து, உடன் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கணித்தார். ஊரையும் ரோமானிய வணிகத்தைக் கொண்டே விளக்கினார். 1989–92-இல் விமலா பெக்லி குழு மீண்டும் அகழ்ந்தபோது, குடியிருப்பு அந்த ரோமானிய வணிகக் காலத்துக்கு முன்பும் பின்பும் நீண்டிருந்தது தெரிந்தது.

அறிக்கையைப் படிக்கையில் நோட்டை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் கிடைத்த பொருளும் மண்ணடுக்கும், வலப்பக்கம் ஆசிரியரின் முடிவு. நடுவில் சொல்லாமல் விட்ட அனுமானத்தைத் தேடுங்கள். கோட்பாடு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன்பின், தொல்லியல் அறிவியல் போலக் காரணங்களை விளக்க வேண்டும் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டின் 1962 கட்டுரைக்கும், பொருள்களுக்கு மனிதர்கள் தந்த அர்த்தத்தையும் வாசிக்க வேண்டும் என்று 1980களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் இயன் ஹாடர் வைத்த மறுப்புக்கும் போனால், சண்டை எதைப் பற்றியது என்று விளங்கும்.

தேர்வில் பலர் சறுக்குவது, புதிய கொள்கை வந்ததும் பழையது செத்துவிட்டதாக எழுதுவதில். மட்கல வகையை வைத்துப் பண்பாடுகளைக் கால வரிசையில் அடுக்கும் பழைய முறையை இந்திய அகழாய்வு அறிக்கைகளில் இன்றும் பார்க்கலாம்.